பச்சை ஏறாத மூலை

உள்ளங்கைக்குக் கண் உண்டு என்பார் என் தந்தை. குளச்சலை அடுத்த எங்கள் கடற்கரையில் அயனிப் பலகையை இழைத்து வள்ளம் கட்டியவர் அவர். உளியைக் கீழே வைத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, பலகையின் மீது கையை ஓட்டுவார். ஓரிடத்தில் கை நிற்கும். அங்கே ஒரு மேடு இருக்கும். அல்லது பள்ளம் இருக்கும். அருகில் நின்று தடவிப் பார்க்கும் எனக்கோ எதுவும் தட்டுப்படாது. 1980களில் ஒட்டுப்பலகைப் படகுகளும், அவற்றைத் தொடர்ந்து ஃபைபர் படகுகளும் எங்கள் கரைக்கு வந்தபோது அவருக்கு வேலை குறைந்தது. "அச்சிலே வார்க்கிற படகுக்குக் கை எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டார். பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்துகொண்டு நான் திரும்பி வந்தபோது கேட்டவர் இல்லை.

1990ஆம் ஆண்டு சார்ஜாவுக்குப் போனேன். உல்லாசப் படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை. அங்கே என்னை ஃபைபர் வேலைக்கு எடுத்துக்கொண்டவர் எங்கள் மாவட்டத்துக்காரர். எல்லோரும் அவரை ஆசான் என்றே அழைத்தோம். அவரிடம்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். அவருக்கு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியே இங்கு எழுத வேண்டும். ஆனால் அதைச் சொல்லுமுன், டேஷ்போர்டு என்பது எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் குற்றம் விளங்காது.

1993ஆம் ஆண்டு கோடையில் இரட்டை எந்திரம் பூட்டிய பழைய விசைப்படகு ஒன்று பட்டறைக்கு வந்தது. சுக்கானுக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டு வெயிலில் வெடித்து, சிலந்தி வலைபோலக் கீறல் விட்டிருந்தது. உள்ளே வைத்திருந்த ஒட்டுப்பலகை நீர் குடித்து மக்கிப்போயிருந்தது. படகுக்காரர் புதிய கருவிகளை வாங்கி வைத்திருந்தார். எந்திரங்களின் சுழற்சியைக் காட்டும் பெரிய வட்டங்கள் 85 மில்லிமீட்டர். எரிபொருள், எண்ணெய் அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் காட்டும் சிறியவை 52 மில்லிமீட்டர். பழைய துளைகளில் இவை பொருந்தவில்லை. அந்தப் படகுக்கென்றே ஒன்றைப் புதிதாக வார்க்கவேண்டியிருந்தது.

முதலில் மரத்தாலும் அட்டையாலும் ஒரு சட்டகம் கட்டினோம். கருவிகளுக்கு மேலே புருவம்போல் கவிந்து நிழல் தரும் பகுதிக்கு, ஆசான் தம்முடைய பழைய பனியன் துணியைச் சட்டகத்தின் மீது இழுத்துக் கட்டி, அதில் ரெசினைப் பூசினார். துணி இறுகியதும், எந்த உளியாலும் செதுக்க முடியாத ஒரு வளைவு அங்கே நின்றது. அதன்மேல் புட்டி இட்டு, 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220, 400, 600 என்று தேய்த்துக்கொண்டே போகவேண்டும். நடுநடுவே கறுப்புச் சாயத்தை மிக லேசாகத் தூவித் தேய்ப்போம். மேட்டில் கறுப்பு போய்விடும். பள்ளத்தில் தங்கி நிற்கும். இத்தனைக்கும் பிறகு ஆசான் சொல்வார்: "மக்களே, இனி கண்ணை மூடிட்டுத் தடவு." சார்ஜாவின் ஒரு கொட்டகையில், ஆசானுடைய வாயிலிருந்து, என் தந்தையின் சொல்! எட்டு நாள் தேய்த்ததில் என் விரல் நுனிகளில் ரேகை மறைந்திருந்தது. ஆனால் அந்த எட்டாம் நாள்தான் முதன்முறையாக ஒரு பள்ளத்தை என் கை கண்டுபிடித்தது.

இப்படி உருவாவது டேஷ்போர்டு அன்று; அதன் மாதிரி மட்டுமே. மாதிரியின் மீது வார்த்து எடுப்பதுதான் அச்சு. அச்சினுள் வார்த்து எடுப்பதே டேஷ்போர்டு. மாதிரியில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தால் அது அச்சுக்குப் போகும். அச்சிலிருந்து பொருளுக்கு வரும். இங்கே எல்லாம் தலைகீழ். சாதாரணமாக நாம் சுவரைக் கட்டிவிட்டு வெள்ளையடிக்கிறோம். அச்சு வேலையிலோ வெள்ளையடித்துவிட்டுத்தான் சுவரைக் கட்டவேண்டும். கடைசியில் கண்ணுக்குத் தெரியப்போகும் மேற்பூச்சாகிய ஜெல்கோட்டை முதலில் அச்சினுள் தெளித்து, அது சற்று இறுகியபின் கண்ணாடி இழை மேட்டை ரெசினில் நனைத்து ஒட்டவேண்டும். முதல் அடுக்கு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மெல்லிய மேட். பின்பு 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் உருளையை ஓட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றவேண்டும். சுக்கானும் எந்திரப் பிடிகளும் பூட்டும் இடங்களுக்குப் பின்னால் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை வைத்து, அதையும் ரெசினால் மூடிவிடவேண்டும். விளிம்பில் ரெசின் மூடாத இடம் இருந்தால், அதன் வழியே நீர் புகுந்து பழைய கதைதான்.

ரெசின் இறுகுவதற்கு ஊக்கி சேர்ப்பது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. சார்ஜாவின் ஆகஸ்டு மாதத்தில் அந்த ஒன்றே அதிகம். கலந்த பாத்திரம் கால் மணி நேரத்தில் கூழாகிவிடும். மிச்சத்தை வாளியில் அப்படியே விட்டால் சூடேறிப் புகையும். இந்த ஊக்கியையும் கோபால்ட் கரைசலையும் நேரடியாக ஒன்றாய்ச் சேர்த்தால் வெடிக்கும் என்பதால் அவற்றை ஆசான் வெவ்வேறு அலமாரிகளில் வைத்து, சாவியை இடுப்பில் செருகியிருப்பார். ஊக்கியின் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போய்விடக்கூடும். தோலில் ஏறும் கண்ணாடித் தூளைக் குளிர்ந்த நீரில்தான் கழுவவேண்டும்; வெந்நீர் பட்டால் தோலின் துளைகள் விரிந்து தூள் இன்னும் உள்ளே போகும் என்பார். அது உண்மையோ அன்றோ, அந்த நாட்டில் கோடையில் குளிர்ந்த நீருக்கு எங்கே போவது? இரவில் வாளிகளில் பிடித்து வைப்போம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ரெசின் எதனோடும் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. வார்த்த பொருள் அச்சைவிட்டுப் பிரிந்து வரவேண்டுமானால் இரண்டு காவல் தேவை. ஒன்று மெழுகு. புதிய அச்சாயின் பல முறை பூசி, ஒவ்வொரு முறையும் உலரவிட்டுத் துடைக்கவேண்டும். மற்றது மெழுகின் மேல் தெளிக்கும் ஒரு திரவம். உலர்ந்ததும் அது மெல்லிய தோலாகிவிடும். எங்கள் பட்டறையில் அது பச்சை நிறம். எங்கே ஏறியிருக்கிறது, எங்கே ஏறவில்லை என்று கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த நிறம். நாங்கள் அதைப் பச்சை என்றே சொல்லுவோம்.

அந்த அச்சில் வலது பக்கம், புருவத்துக்குக் கீழே, எந்திரப் பிடிகள் அமரும் இடத்தில் ஒரு குறுகிய மூலை இருந்தது. மெழுகு பூசும் வேலையை ஆசான் செய்து முடித்துவிட்டு, "பச்சையை நீ அடி" என்று என்னிடம் விட்டுப் போனார். தெளிப்பான் அந்த மூலைக்குள் நுழையவில்லை. பஞ்சைத் திரவத்தில் தோய்த்துக் கையால் பூசியிருக்கவேண்டும். அது எனக்குத் தெரியும். உச்சிவேளை. உணவுக்கு எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கையால் இட்ட மெழுகு இருக்கிறதே, அது போதாதா என்று நினைத்தேன். மாலையில் கறுப்பு ஜெல்கோட்டைத் தெளித்தோம். முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்பதால் டேஷ்போர்டுக்குக் கறுப்பு நல்லது. கறுப்புக்கு அடியில் என் மூலை மறைந்தது.

சில நாள் கழித்துப் பிரித்தோம். மர ஆப்புகளைச் சுற்றிலும் இறக்கி, காற்றைச் செலுத்தினோம். பிறகு நீரைச் செலுத்தினோம். சடசடவென்று எல்லாப் பக்கமும் விட்டது. வலது மூலை மட்டும் விடவில்லை. மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரப்பர் சுத்தியால் தட்டச் சொன்னார். தட்டினோம். புருவம் குறுக்கே பிளந்தது. அச்சின் மூலையும் ஜெல்கோட்டோடு பெயர்ந்து வந்தது. மாதிரியோ அச்சைப் பிரித்த அன்றே உடைந்து குப்பைக்குப் போயிருந்தது. மூன்று வார உழைப்பு தரையில் கிடந்தது.

"மூலை யாருடைய வேலை?" என்றார் மேற்பார்வையாளர்.

நான் வாயைத் திறக்குமுன் என்று எழுத ஆசைதான். ஆனால் வாயைத் திறக்க எனக்குப் போதிய நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை. ஆசான் சொன்னார்: "அந்த மூலையிலே மெழுகு போட்டது நான்தான்."

அவருக்கு ஒரு மாதச் சம்பளம் பிடித்தார்கள். அது பெரிதன்று. வேலை முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்ததால் செப்டம்பரில் கிடைக்கவிருந்த அவருடைய விடுமுறை தள்ளிப்போனது. அக்டோபரில் அவருடைய மூத்த மகளுக்குத் திருமணம். பங்கில் ஓலை வாசித்தாயிற்று, விருந்துக்குச் சொல்லியாயிற்று, நாளை மாற்ற வழியில்லை. ஆசான் இல்லாமலேயே திருமணம் நடந்தது. டிசம்பரில் ஊரிலிருந்து வந்த ஒருவர் வீடியோ கேசட் கொண்டுவந்தார். இரவல் வாங்கிய பெட்டியில் முகாம் அறையில் அதைப் போட்டார்கள். ஆசான் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து பார்த்தார். பக்கத்தில் நான். தந்தை நிற்கவேண்டிய இடத்தில் தாய்மாமன் நின்றார். ஓரிடத்தில் மணப்பெண் கேமராவை நேராகப் பார்த்தாள். ஆசான் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். கண்ணாடித் தூள் என்றார்.

இரண்டாவது டேஷ்போர்டு அழகாக அமைந்தது. அதில் மூன்று முறை பச்சை பூசினேன், மூலைக்குள் விரலைவிட்டு. திசைகாட்டியை நடுவில், ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே, படகின் அடிமரத்துக்கு இணையாகப் பொருத்தினோம். ஒலிபெருக்கிகளில் காந்தம் இருப்பதால் அவற்றைத் தொலைவில் வைத்தோம். நவம்பரில் படகு நீரில் இறங்கியது.

2008இல் ஊர் திரும்பினேன். கடற்கரைச் சாலையில் சிறு கொட்டகை போட்டு ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்க்கிறேன். எப்போதாவது கேரளத்துக் காயல்களில் ஓடும் உல்லாசப் படகுகளுக்கு டேஷ்போர்டு செய்யும் வேலை வரும். ஆசான் எனக்கு முன்பே ஊர் வந்துவிட்டார். அவருடைய ஊர் என் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். பதினொரு ஆண்டுகள் நான் போகவில்லை. வேலை, மழை, பேருந்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்களை இங்கே வரிசைப்படுத்தப் போவதில்லை.

2019இல் போனேன். திண்ணையில் அமர்ந்திருந்தார். மூச்சு சற்றுச் சிரமம். நலம் விசாரித்து முடிந்தபின், நேரடியாகச் சொன்னேன்.

"ஆசானே, 93ல உடைஞ்சுபோன டேஷ்போர்டு. வலது மூலையிலே நான் பச்சை அடிக்கல்ல."

"தெரியும் மக்களே. மத்த இடமெல்லாம் பச்சைத் தோலு உரிஞ்சு வந்துச்சு. அங்க மட்டும் வரல்ல."

"பின்னே ஏன் நீங்க...?"

"மாதிரியிலே அந்த மூலையைச் செதுக்கினது நானாக்கும். சரிவு கொடுக்காம செங்குத்தா விட்டுட்டேன். பச்சை அடிச்சிருந்தாலும் பிடிச்சிருக்கும்." சிறிது நேரம் மூச்சு வாங்கினார். "பிடிக்காமலும் இருந்திருக்கும். யாருக்குத் தெரியும்?"

அச்சிலிருந்து பொருள் விடுபட்டு வருவதற்குச் சுவர்கள் சற்றே சாய்ந்திருக்கவேண்டும். தொழிலின் பாலபாடம் இது. இரண்டாவது அச்சில் அந்த மூலை அகன்றிருந்ததை நானும் கவனித்திருந்தேன். ஏன் என்று கேட்டதில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்பது எனக்கு இன்றும் புலப்படவில்லை. உள்ளதே என்றாலும், அன்று வாய் திறக்காமல் நின்றவன் நான்தான்.

"இப்போ எவ்வளவு சரிவு கொடுக்கிற?" என்றார்.

"அஞ்சு பாகை, ஆசானே."

"போதும்."

ஒரு பெண் தேநீர் கொண்டுவந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. யாரென்று ஆசான் சொல்லவேண்டியிருக்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்த அதே கண்கள். ஆசான் அவளிடம் என்னைக் காட்டினார். "உன் கல்யாணக் கேசட்டை என்கூட உக்காந்து பார்த்த பையன் இவன்தான்."

அவள் சிரித்தாள். "அந்தக் கேசட் இப்பவும் அலமாரியிலே இருக்கு அண்ணே. போட்டுப் பார்க்கத்தான் பெட்டி இல்ல" என்றாள்.