பென்கங்கை வரை ஒரு ஐஸ் பெட்டி

நெடுஞ்சாலை முழுக்க ஓட்டல்கள் இருக்கும்போது காரில் எதற்கு ஐஸ் பெட்டி என்று சில மாணவத் தோழர்கள் கேட்டார்கள். போன அக்டோபரில் நாங்கள் குடும்பத்தோடு வேலூரிலிருந்து நாக்பூர் தீக்‌ஷா பூமிக்குப் போய்வந்த கதையைச் சொன்னபோது வந்த கேள்வி இது. சித்தூர், கடப்பா, கர்நூல், ஹைதராபாத், ஆதிலாபாத் வழியாக 1,100 கிலோமீட்டருக்கு மேல். அண்ணனின் பழைய டவேராவில் இரண்டு குழந்தைகளையும் சேர்த்து ஏழு பேர்.

முதல் பதில் காசு. ஏழு பேர் இரண்டு நாள் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் டீசல் செலவில் பாதி அங்கேயே போய்விடும். இரண்டாவது பதில், குழந்தைகளின் வயிறு. இந்த இரண்டும் எல்லோருக்கும் பொருந்தும். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வேலை தெரியாமல் இறங்கினால் கறி கெட்டுப்போகும்.

பெட்டி சித்தியுடையது. இருபது வருடம் மீன் விற்றவர் அவர். சென்னையிலிருந்து மீன் வந்து இறங்கும் கெட்டியான தெர்மாகோல் பெட்டி அது, கடையில் விற்கும் அழகான கலர் பெட்டிகளைவிடச் சுவர் தடிப்பானது. அதில் கறியை உறைந்தபடியே இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும். குளிர்ச்சியாக வைத்திருப்பது வேறு, உறைந்தபடி வைத்திருப்பது வேறு. இதைப் பலர் கவனிப்பதில்லை. வெறும் ஐஸ் 0 டிகிரியில் உருகுகிறது. கறியோ மைனஸ் 2 டிகிரி அளவிலேயே இளக ஆரம்பித்துவிடும். அதனால் எத்தனை கிலோ ஐஸ் போட்டாலும் கறி கெடாமல் இருக்குமே தவிர, கல் மாதிரி இருக்காது. சித்தி இதை டிகிரிக் கணக்கில் படித்தவர் இல்லை. "உப்பு போட்ட ஐஸுதான் கடிக்கும்" என்பார். அவ்வளவுதான் விஷயம். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கல்லுப்பைக் கரைத்தால் அது மைனஸ் 6 டிகிரி அளவில்தான் உறையத் தொடங்கும், உருகும்போதும் அந்த அளவை எட்டுவதற்குள் உருகி முடிந்துவிடும். அந்தப் பாட்டிலில் ஐஸ் இருக்கும்வரை பக்கத்திலுள்ள கறி இளகாது.

பாட்டிலை முழுக்க நிரப்பக் கூடாது. தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பெருக்கும், பாட்டில் வெடித்துவிடும். கறியை அம்மா தண்ணீர் சுண்டச் சுண்ட வறுத்து, தேங்காய் சேர்க்காமல், தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து, அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பையில் போட்டுத் தட்டையாக அழுத்தினார். உருண்டையாகக் கட்டினால் நடுவில் உறைய நேரமாகும், அடுக்கவும் வராது. எங்கள் ஃப்ரிட்ஜில் மேல்தட்டு ரொம்பச் சிறியது. ஆகவே எங்கள் காலனியில் நான்கு வீட்டு ஃப்ரீசர்களில் கறியும் பாட்டில்களும் இரண்டு ராத்திரி இருந்தன. எதிர்வீட்டு அக்கா தன் பிள்ளையின் ஐஸ்கிரீமை எடுத்து வெளியே வைத்துவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். (ஊருக்குள் வாடகைக்கு இருந்தபோது எங்கள் சமையலறை வாசனைக்கே பஞ்சாயத்து நடந்தது. அங்கே இந்த நான்கு ஃப்ரீசரைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.)

அடுக்குவதிலும் முறை உண்டு. அடியில் உப்புத்தண்ணீர் பாட்டில், நடுவில் கறி, மேலே மறுபடி பாட்டில். குளிர் கீழே இறங்கும் என்பதால் மேல்வரிசைதான் முக்கியம். சந்து பொந்தெல்லாம் பழைய செய்தித்தாளைத் திணிக்க வேண்டும், உள்ளே காற்று இருந்தால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். குடிக்கிற தண்ணீருக்கும் மோருக்கும் வேறு சின்னப் பெட்டி, அதைக் குழந்தைகள் நூறு தடவை திறக்கலாம். கறிப் பெட்டியைத் தொட அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. வண்டியின் மேல் கேரியரில் கட்டக் கூடாது, வெயில் நேராக அடிக்கும். ஒரு நண்பர் உலர் பனிக்கட்டி வாங்கிப் போகச் சொன்னார். மைனஸ் 78 டிகிரி, ஒரு வாரம்கூடத் தாங்கும் என்றார். அது கரைந்து கரியமில வாயுவாக மாறும். கண்ணாடி ஏற்றிய வண்டியில் குழந்தைகள் தூங்கிக்கொண்டு வரும்போது அந்த வேலையே வேண்டாம் என்றுவிட்டோம்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, ராத்திரி ஹைதராபாத்தைத் தாண்டித் தங்கியபோது பெட்டியைத் திறந்து பார்த்தோம். கறி கல்லாக இருந்தது. அடுத்த நாள் மதியம் ஓரம் மட்டும் இளகி, நடுவில் ஐஸ் இருந்தது. உள்ளே ஐஸ் படிகம் இருக்கும்வரை பயமில்லை. கை வைத்தால் சில்லிப்புப் போய், 5 டிகிரிக்கு மேல் ஏறி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதென்றால், வாசனை நன்றாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். புளியமர நிழலில் சின்ன கேஸ் அடுப்பில் ஒரு பையைப் பிரித்துக் கொதிக்கச் சூடாக்கி, முதல் நாள் இட்லிக்கும் இரண்டாம் நாள் சப்பாத்திக்கும் தொட்டுக்கொண்டோம்.

இனி மூன்றாவது பதில்.

எங்கள் தாத்தா கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவர். வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிப் போனார்கள். ரயில் ஏறும்போது ஆயா கட்டிக்கொடுத்தது கேழ்வரகுக் களியும் உப்புக்கண்டமும். கறியை நீளநீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் மாட்டி வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஃப்ரீசர் இல்லாத காலத்தின் ஃப்ரீசர் அது. தாத்தா வழியில் எந்தக் கடையிலும் சாப்பிடவில்லை என்றால், அது சிக்கனத்தினால் மட்டும் இல்லை. எந்தக் கடையில் உட்காரவிடுவார்கள் என்று போய்க் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு அவர் விரும்பவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்பை இன்னும் படிக்காத தோழர்கள் இன்றைக்கே படியுங்கள். 1901இல் ஒன்பது வயதுச் சிறுவனாக, அண்ணனோடும் அக்கா மகனோடும் அப்பாவைப் பார்க்கச் சத்தாராவிலிருந்து கிளம்புகிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கியதும், மகர் பிள்ளைகள் என்று தெரிந்து வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலிக்கு ஒருவன் சம்மதிக்கிறான், அதுவும் அவர்களே வண்டியை ஓட்டவேண்டும், அவன் நடந்து வருவான். ராத்திரி சுங்கச்சாவடியில் கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது, ஆனால் குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை. சாப்பிடாமலே படுக்கிறார்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனாலும் தண்ணீரில் பிடிப்பார்கள் என்பதை அந்த வயதிலேயே அவருக்குச் சாலை கற்றுக்கொடுத்தது. எங்கள் வண்டியில் இரண்டாவது பெட்டி தண்ணீருக்கு என்று சொன்னோமே, அதை மூடும்போதெல்லாம் இந்தப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன.

பிறகு அவரே எழுதிய அரசியல் சட்டத்தில் 15(2) வந்தது. கடை, உணவு விடுதி, கிணறு, குளம் எதையும் சாதியின் பெயரால் மறுக்க முடியாது. 1955இன் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 4ஆவது பிரிவில், உணவு விடுதியின் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. தனிக் குவளை வைத்தவர்களை மனதில் வைத்து எழுதிய வரி அது. எங்கள் சிறுவயதில் ஒரு டீக்கடையில் எங்களுக்கான குவளைகள் வெளியே கீற்றில் செருகியிருக்கும். குடித்துவிட்டு நாங்களே கழுவிச் செருகவேண்டும். இப்போது பேப்பர் கப் வந்துவிட்டதால் அதெல்லாம் ஒழிந்தது என்கிறார்கள். ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், காலனிக்காரருக்குப் பேப்பர் கப் என்று கொடுக்கிற கடையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் எது ஒழிந்தது என்று.

அமெரிக்கக் கறுப்பினத் தோழர்களுக்கு இந்தப் பெட்டியை விளக்கவே வேண்டாம். தெற்கு மாநிலங்களின் வழியாகக் காரில் போகும் குடும்பங்கள் பொரித்த கோழியையும் அவித்த முட்டையையும் செருப்புப் பெட்டியில் அடைத்துக்கொண்டு, தண்ணீருக்கு ஐஸ் பெட்டியும் வைத்துக்கொண்டு போனார்கள். எந்த ஊரில் எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தொகுத்து, ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இலிருந்து ஒரு கையேடே வெளியிட்டார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ், 1951இல் சிறுவனாக மாமாவோடு அலபாமாவிலிருந்து பஃபலோவுக்குக் காரில் போனதை எழுதியிருக்கிறார். தெற்கைத் தாண்டும்வரை அவர்களுக்கான ஓட்டல் அவர்கள் காருக்குள்தான் இருந்தது.

1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தபோது, பர்மிங்ஹாமில் ஆலிஸ் பார்பெக்யூ என்ற கடை எதிர்த்து வழக்குப் போட்டது. கறுப்பர்களுக்குப் பொட்டலம் கட்டித் தருவார்கள், உட்காரவிட மாட்டார்கள். சட்டம் அந்தக் கடையைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் சொன்னது. அதற்குச் சொன்ன காரணம் கறி. கடை வாங்கிய பொருள்களில் ஏறக்குறைய பாதி மாநில எல்லை தாண்டி வந்த இறைச்சி, ஆகவே மாநிலங்களுக்கிடையேயான வணிகம், ஆகவே மத்தியச் சட்டம். அங்கே கறி எல்லை தாண்டியதால் மக்களுக்குக் கதவு திறந்தது. இங்கே எல்லையில் கறியே ஆபத்து.

எங்கள் பெட்டியில் இருந்தது எருமைக் கறி. ஆதிலாபாத்தைத் தாண்டினால் பென்கங்கை ஆறு, அக்கரை மகாராஷ்டிரம். அங்கே 2015இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் பசுவோடு காளையையும் எருதையும் சேர்த்துத் தடுத்தது, எருமையைத் தொடவில்லை. வெளிமாநிலத்தில் அறுத்த மாட்டுக்கறியை வைத்திருப்பதே குற்றம் என்ற பிரிவையும் 2016 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆக, சட்டப்படி நாங்கள் தைரியமாகப் போகலாம். சட்டம் படிக்கும் அண்ணன் மகள் இதைத்தான் வண்டியில் வாதாடிக்கொண்டு வந்தாள். மூன்று பை மீதி இருந்தது.

"எருமைன்னு எழுதி வெச்சிருக்குதா கறியில?" என்றார் அம்மா. "லேப்ல இருந்து சீட்டு வரும், எருமைதான்னு. சரி. அதுவரைக்கும் நம்ம இன்னா ஆவோம்?"

"அப்ப சட்டம் எதுக்கு ஆயா?"

"சட்டம் கோர்ட்டுல பேசும். இவனுங்க ரோட்டுல நிக்கிறானுங்க."

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வண்டியில் டிஎன் 23 என்ற நம்பர், முன்கண்ணாடியில் நீலக்கொடி, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். 2015 செப்டம்பர் 28 ராத்திரி தாத்ரி பக்கம் பிசாடா கிராமத்தில் முகமது அக்லாக்கை அடித்துக் கொன்றார்கள். ஃப்ரிட்ஜில் என்ன இறைச்சி என்பது ஆய்வகத்துக்குப் போனது அதற்குப் பிறகு. அடுத்த ஆண்டு ஜூலையில் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். அம்மா தொலைக்காட்சியில் பார்த்தவர். அவர் சொன்னதைக் கோழைத்தனம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அண்ணன் மகள் சொன்னதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்றும் சொல்ல முடியவில்லை. நம் சாப்பாட்டை நாமே ஒளித்தால் அது ஒளிக்க வேண்டிய சாப்பாடு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றாள் அவள். அது உண்மைதான்.

ஆதிலாபாத்தைத் தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்தி மூன்று பையையும் சூடாக்கினோம். ஏழு பேர் ஒன்றரைக் கிலோ கறி. கடைசிப் பையை அண்ணி எல்லோர் தட்டிலும் வலுக்கட்டாயமாகப் போட்டார். அண்ணன் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தின்றாள். பெட்டியைக் கழுவித் துடைத்து, பாதி உருகிய உப்புத்தண்ணீர் பாட்டில்களை மட்டும் வைத்துப் பென்கங்கைப் பாலத்தைக் கடந்தோம். எங்களை யாரும் நிறுத்தவில்லை.

நாக்பூரில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்குத் தெரு இளைஞர்கள் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். என்ன சாதி என்று கேட்காத சோறு. தீக்‌ஷா பூமிக்கு வெளியே மராத்வாடாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு, அரைகுறை இந்தியில், சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். நம் உப்புக்கண்டம் அவர்களிடம் சான்யா. ஷாஹு பாட்டோளே மகர், மாங் மக்களின் சமையலைப் பற்றி மராத்தியில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. அந்த அம்மா கையால் நீளத்தைக் காட்டி, வெயிலைக் காட்டி, கயிற்றைக் காட்டினார். சித்திக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இந்த ஆண்டும் கிளம்புகிறோம். சித்தி இன்னொரு மீன் பெட்டி சொல்லிவைத்திருக்கிறார். அண்ணன் மகள் பெட்டிமேல் ஒட்டுவதற்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதியிருக்கிறாள்: எருமைக் கறி, கடை ரசீது உள்ளே இருக்கிறது. அம்மா அதை வாங்கிப் பார்த்தார். கிழிக்கவும் இல்லை, ஒட்டச் சொல்லவும் இல்லை. ஃப்ரிட்ஜ்மேல் வைத்திருக்கிறார்.