தோற்றது அணி, இகழப்படுவது யார்?



பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ சொந்தமாக ஓர் ஐ.பி.எல். அணி கிடையாது. சேப்பாக்கம் மைதானமே நமக்கு 250 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. ஆயினும் கோடைக்காலம் வந்துவிட்டால் நம் வாலிபர்கள் மஞ்சள் என்றும் சிவப்பு என்றும் இரு கட்சிகளாகிவிடுகிறார்கள். ஆராதனை முடிந்து ஆலய வளாகத்தில் அவர்கள் கூடி நிற்கும்போது என் காதில் விழும் பேச்சில் பாதி, எதிரணி தோற்ற ஆண்டுகளின் கணக்காகவே இருக்கிறது.

அந்தக் கணக்கு நீளமானது. பெங்களூரு அணி 2009, 2011, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதிப் போட்டி வரை சென்றும் கோப்பையின்றித் திரும்பியது. "ஈ சாலா கப் நம்தே" என்று அதன் ரசிகர்கள் எழுப்பிய நம்பிக்கை முழக்கத்தையே மற்றவர்கள் கேலிச்சொல்லாக்கினார்கள். அவர்களோ, சூதாட்ட விவகாரத்தால் சென்னை அணி 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டதைச் சொல்லித் திருப்பி அடித்தார்கள். 2025இல் நிலைமை தலைகீழாயிற்று. ஐந்து முறை கோப்பை வென்ற சென்னை, 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று, பத்து அணிகளில் கடைசி இடத்தைப் பெற்றது. அதே ஆண்டு ஜூன் 3 அன்று பெங்களூரு தன் முதல் கோப்பையை வென்றது. நேற்று நகைத்தவர்கள் இன்று நகைப்புக்கு ஆளானார்கள்.

இத்தகைய கேலி அனைத்தும் பாவம் என்று நான் சொல்லவில்லை. மாமன் மைத்துனர் இடையிலும் நண்பர்கள் இடையிலும் கேலி என்பது உரிமையின் அடையாளம். ஆனால் அந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. அதை நம் மண்ணில் நிகழ்ந்த ஒரு துயரம் நமக்குக் காட்டியது.

2022 அக்டோபர் மாதம் அரியலூர் மாவட்டத்தில், மது அருந்தியபடி கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்த இரு நண்பர்களில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மற்றவர் கைது செய்யப்பட்டார். பெங்களூரு அணியும் விராட் கோலியும் இகழப்பட்டதோடு, அந்த நண்பரின் திக்குவாயும் கேலிக்கு ஆளானது என்று அந்நாளைய செய்திகள் கூறின. எந்தக் கேலியும் ஒரு கொலையை நியாயப்படுத்தாது. இறந்தவர் மீது பழி சுமத்த நமக்கு உரிமையில்லை. ஒரு தாய் தன் மகனை இழந்தாள் என்பதே முதல் உண்மை.

எனினும் அச்செய்தியில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அணியின் தோல்வி அரியலூரில் யாருடைய தோல்வியும் அன்று. தொலைக்காட்சியை அணைத்தால் அது அங்கேயே நின்றுவிடும். திக்குவாயோ ஒருவன் தன்னோடு வீட்டுக்குச் சுமந்து செல்வது. அணியைப் பற்றிய நகைப்பு மனிதனின் உடலுக்கும் நிறத்துக்கும் குடும்பத்துக்கும் சாதிக்கும் தாவும் கணத்திலேயே விளையாட்டு முடிந்துவிடுகிறது.

மோசேயும் தன் வாய் தடுமாறுவதைச் சொல்லியே அழைப்புக்குத் தயங்கினார். தேவன் அந்த நாவை நகைக்கவில்லை. அவருக்குத் துணையாக ஆரோனைக் கொடுத்தார். மலைப்பிரசங்கத்தில் கொலையைப் பற்றிப் பேசத் தொடங்கிய இயேசு, உடனே சகோதரனை இழிவாக அழைக்கும் சொல்லுக்கு வந்துவிடுகிறார். இது மிகைப்படுத்தல் என்று சிலருக்குத் தோன்றலாம். அரியலூர்க்காரர்களாகிய நாம் அப்படி எண்ண இயலாது.

ஆகவே வாலிபரே, வாட்ஸ்அப்பில் ஒரு கேலியை அனுப்புமுன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது அணியைப் பற்றியதா, அவனைப் பற்றியதா? அணியைப் பற்றியதென்றால் சேர்ந்து சிரியுங்கள். அவனைப் பற்றியதென்றால் அழித்துவிடுங்கள். இகழப்பட்டவர் நீங்களானால், பதினொரு பேர் பெற்ற தோல்வி உங்கள் மானத்தை எடுத்துவிடாது என்று அறிந்து, அவ்விடத்தை விட்டு எழுந்து வாருங்கள். பெற்றோரே, பிள்ளையின் அணி தோற்ற இரவில் அவன் முகத்தைச் சற்றுக் கவனியுங்கள். அவனை வாட்டுவது ஆட்டத்தின் முடிவா, யாரோ சொன்ன ஒரு சொல்லா என்று அன்போடு விசாரியுங்கள்.

கர்த்தர் நம் நாவையும் நம் கரங்களையும் காப்பாராக.