வானத்தில் ஒன்றேகால் மணி

"அப்பாவுக்கு நெஞ்சு வலி. மதுரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்" என்று தம்பி போன் பண்ணினபோது காலை மணி ஆறு. நான் அம்பத்தூரில்.

ரயிலில் 493 கிலோமீட்டர். வைகை எக்ஸ்பிரஸுக்கே ஏழு மணி நேரத்துக்கு மேல். வானத்திலோ சுமார் 420தான்; ஒன்றேகால் மணிப் பயணம். "எட்டரைக்கெல்லாம் வந்துடறேன்டா!" என்று சவடால் விட்டேன்.

ஒன்றை மறந்துவிட்டேன் சார். விமானம்தான் பறக்கும், மனுஷன் ஊர்ந்துதான் போகணும். மீனம்பாக்கம் போய்ச்சேர ஒன்றரை மணி. புறப்பட ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்களே என்று பயந்து, அங்கே இரண்டு மணி தவம். அந்த ஒன்றேகாலிலும் ரன்வேக்கு உருண்டு போகிற நேரம் சேர்த்தி! இறங்கி, அவனியாபுரம் தாண்டி ஊருக்குள் நுழைய இன்னொரு முக்கால் மணி.

வார்டுக்குள் போனபோது மணி பன்னிரண்டு. அப்பா மெதுவாகக் கண் திறந்தார்.

"பிளேன்லயா வந்தே?"

தலையாட்டினேன்.

"எவ்வளவுடா ஆச்சு?"

"ஒண்ணேகால் மணி நேரம்ப்பா."

"நேரம் கிடக்கட்டும். டிக்கெட்டு?"

அப்பாடா... அப்பா பிழைத்துவிட்டார்!