பளையிலிருந்து காலி வீதி வரை

வெளிநாட்டுப் பயணம் என்றதும் எமது கிராமங்களில் இரண்டு விடயங்களே நினைவுக்கு வருகின்றன. ஒன்று, மத்திய கிழக்கிற்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்வது. மற்றையது, முகவருக்குப் பல இலட்சங்களைக் கொடுத்து எப்படியாவது மேற்கு நாடொன்றைச் சென்றடைவது. தன் கையால் செய்த பொருளுக்குச் சந்தை தேடி ஒரு பெண் வெளிநாடு சென்று, அலுவல் முடிந்ததும் திரும்பி வருவாள் என்பதை நம்ப நாம் இன்னும் பழகவில்லை. 2024ஆம் ஆண்டு பளைப் பகுதியைச் சேர்ந்த இரு பெண்களுடன் அமெரிக்க விசாவுக்காகக் கொழும்பு சென்று வந்தேன். அந்த அனுபவத்தை இங்கு எழுதுவதற்கு இதுவே காரணம்.

அவர்களுடைய பெயர்கள் இங்கு தேவையில்லை. ஒருவர் என்னிலும் மூத்தவர், நாற்பத்தெட்டு வயது. அவரை அக்கா என்று குறிப்பிடுகிறேன். மற்றவருக்கு இருபத்தேழு வயது, அவர் தங்கச்சி. இருவரும் பனையோலைக் கைப்பணி செய்யும் ஒரு மகளிர் குழுவின் அங்கத்தவர்கள். குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, வார்ந்து, சாயமிட்டு அவர்கள் இழைக்கும் பெட்டிகளைப் பார்த்த அமெரிக்கக் கொள்வனவாளர் ஒருவர், ஓகஸ்ட் மாதம் நியூயோர்க்கில் நடக்கவிருந்த வர்த்தகக் கண்காட்சிக்கு இருவரையும் அழைத்திருந்தார். பயணச் செலவும் தங்குமிடமும் அவர்களுடையது. விசா எடுப்பது மட்டும் எங்களுடைய பொறுப்பு.

மூவருமே இதில் புதியவர்கள். நான் சமூகவியல் படித்தவள்தான். ஆனால் விசா விண்ணப்பம் ஒன்றை அதுவரை கண்ணால் கண்டதில்லை. முதலில் நகரத்திலுள்ள ஒரு முகவரிடம் சென்றோம். அவர் அழைப்புக் கடிதத்தை வாசிக்கவேயில்லை. “வங்கியில் காசு காட்ட வேணும். அதை நான் போட்டுத் தருவன். விசா கிடைச்சதும் எடுத்துப்போடுவம்” என்றார். அக்காவுக்குக் கணவர் வெளிநாட்டில் இருப்பதாகவும், தங்கச்சிக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதாகவும் கடிதங்கள் ஆயத்தப்படுத்தலாம் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா, “பிள்ளை, பொய்யை நான் எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியுடன் முகவரைக் கைவிட்டோம்.

அது நல்ல முடிவு என்பது சட்டத்தை வாசித்தபோது விளங்கியது. பொய்யான தகவலோ போலி ஆவணமோ கொடுத்தது தெரியவந்தால், அந்த விண்ணப்பம் மட்டுமல்ல, பின்வரும் காலம் முழுவதற்குமான கதவும் மூடப்படலாம். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு உண்டு. குறுகிய காலப் பயணத்துக்கு விண்ணப்பிக்கும் எவரும் அங்கேயே தங்கிவிட எண்ணுகிறார் என்றே கருதப்பட வேண்டும். அவ்வாறில்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரியின் பொறுப்பு என்கிறது அது. ஆகவே “நான் ஏன் போகிறேன்” என்பதைப் போலவே “நான் ஏன் திரும்பி வருவேன்” என்பதும் முக்கியமாகிறது.

வியாபார நோக்கத்துக்கான விசாவை பி-1 என்கிறார்கள். அதில் சென்று கண்காட்சியிலும் கூட்டங்களிலும் பங்குபற்றலாம், விலை பேசலாம், இங்கே செய்யப்படும் பொருட்களுக்கு ஓடர் எடுக்கலாம். ஆனால் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. இந்த வித்தியாசத்தை இருவருக்கும் பல தடவை விளங்கப்படுத்தினேன். “வேலைக்குப் போகிறோம்” என்று பேச்சுவழக்கில் சொல்லிவிட்டால் அர்த்தமே மாறிவிடும் அல்லவா?

கடவுச்சீட்டை வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்தில் எடுத்தோம். (2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் திறக்கப்பட்டுவிட்டது.) பிறகுதான் பெயர்ப் பிரச்சினை தொடங்கியது. அக்காவின் பெயர் ஆங்கிலத்தில் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் இருந்தது. எமது பெண்களில் எத்தனை பேருக்கு இந்த நிலை! இடப்பெயர்வில் தொலைந்த ஆவணங்களை ஒவ்வொரு அலுவலகமும் தனக்குத் தெரிந்த எழுத்தில் மீண்டும் எழுதியதன் விளைவு இது. விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத வேண்டும் என்பதால், வங்கியில் பெயரைத் திருத்தி, இரண்டும் ஒருவரே என்று கடிதமும் பெற்றோம்.

விண்ணப்பத்தை இணையத்தில் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். டி.எஸ்-160 என்பது அதன் பெயர். எங்கள் அலுவலகக் கணினியில் மூன்று மாலைகள் செலவாகின. பெற்றோரின் பெயர், செய்த தொழில்கள், கடந்த ஐந்து வருடங்களில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள் என்று அது நீண்டுகொண்டே போகும். இடையில் நிறுத்தினால் விண்ணப்ப இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல்நாள் அதைக் குறிக்காமல் விட்டதால் மீண்டும் தொடக்கத்திலிருந்து எழுதினோம்.

இரண்டாம் நாள் ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. திருமண நிலை என்ன? அக்காவின் கணவரை 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு எவரும் காணவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் கீழ் காணாமற்போனவர் என்று வழங்கப்படும் சான்றிதழை மட்டும், காணி அலுவலுக்காகப் பெற்றிருந்தார். திரையிலோ திருமணமானவர், விதவை, விவாகரத்தானவர், பிரிந்து வாழ்பவர் என்று பட்டியல் இருந்தது.

“விதவை எண்டு போடமாட்டன் பிள்ளை” என்றார் அக்கா. திருமணமானவர் என்று குறித்தோம். உடனே கணவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர் என்று கேட்டது. எல்லாவற்றையும் யோசிக்காமல் சொன்னார். அடுத்தது, கணவரின் தற்போதைய முகவரி. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பட்டியலைத் திறந்தபோது அதில் “தெரியாது” என்றும் ஒரு பதில் இருந்தது. வாசித்துச் சொன்னேன். சற்றுநேரம் பேசாமலிருந்தவர், “தெரியாது எண்டு சொல்லவும் ஒரு இடம் வைச்சிருக்கிறாங்கள்” என்றார். பதினைந்து வருடங்களாக அவர் நிரப்பிய படிவங்களில் அப்படியொரு இடம் இருந்ததில்லைப் போலும்.

கடைசிப் பகுதி பாதுகாப்புக் கேள்விகள். கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, ஆயுதக் குழு எதிலாவது அங்கம் வகித்தீர்களா, அதனுடன் தொடர்பு கொண்டிருந்தீர்களா என்ற கேள்விகள் அதில் உள்ளன. அமெரிக்கருக்கு அவை உலகத்தார் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள். வன்னிப் பெண்ணுக்கு அவ்வாறல்ல. இருவரும் உண்மையாகவே “இல்லை” என்றார்கள். எனினும் அன்று மாலை தேநீர்க் கோப்பையை ஏந்திய அக்காவின் கை நடுங்கியதைக் கண்டேன்.

கட்டணம் அப்போது 185 டொலர். எமது காசில் ஆளுக்கு ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மேல். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. குழுவின் சேமிப்பிலிருந்து கடனாகப் பெற்றே கட்டினோம். இரண்டு அங்குலச் சதுரத்தில், வெள்ளைப் பின்னணியில், கண்ணாடி அணியாத படம், குழுவின் பதிவுச் சான்றிதழ், கணக்குப் புத்தகம், ஆறு மாத வங்கிக் கூற்று, அழைப்புக் கடிதம், பிரதேச செயலகக் கடிதம், செய்த பொருட்களின் படங்கள். இவற்றை இரு கோவைகளில் ஒழுங்காக அடுக்கினோம்.

பின்னர் நேர்முகப் பயிற்சி. நான் மேசையின் மறுபக்கம் அமர்ந்து கேள்வி கேட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னார். எங்கே பார்த்த காட்சி இது என்று யோசித்தேன். சோதனைச் சாவடியில் நிற்கும் பெண்ணின் காட்சிதான். குறைவாகச் சொல், கண்ணைப் பார்க்காதே, கேட்காததைச் சொல்லாதே என்று பல வருடங்கள் எம்மைப் பழக்கியிருந்தார்கள். உயிரைக் காத்த அந்தப் பழக்கம் இங்கே தடையாக இருந்தது. ஆகவே கேள்விகளை விட்டுவிட்டு, “பெட்டி இழைக்கிறதைப் பற்றிச் சொல்லுங்கோ அக்கா” என்றேன். அரைமணி நேரம் பேசினார். அந்தக் குரலில்தான் அங்கேயும் பேச வேண்டும் என்றேன். தங்கச்சி நன்றாகப் படித்தவர். பதில்களை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். எனக்கு அது திறமையாகவே தோன்றியது. அங்கேதான் நான் தவறினேன்.

மே மாதத்தில் ஓர் இரவு எட்டு மணிக்குப் பளையில் பேருந்து ஏறினோம். ஆனையிறவைத் தாண்டியபோது கடல்நீரேரியின் உப்புக்காற்று யன்னலால் வந்தது. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலைக் கடக்கையில் அக்கா கைகூப்பினார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியது அந்தக் கோவில் முன்றலில்தான். அவரும் பல நாட்கள் அங்கே அமர்ந்திருந்தவர். ஓமந்தையில் எவரும் எங்களை இறக்கவில்லை. பொதிகளைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்ற இடத்தைப் பேருந்து ஒரு நிமிடத்தில் கடந்தது. தங்கச்சி நித்திரையாகிவிட்டார். அக்காவும் நானும் விழித்திருந்தோம்.

வெள்ளவத்தையில் ஒரு உறவினர் வீட்டில் தங்கினோம். தமிழ்க் கடைகளும் கோவிலும் சேலைக்கடைகளும் நிறைந்த இடம் அது. ஆனாலும் 2007 யூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வடக்கு கிழக்கிற்கு அனுப்பியதை எம்மவர்கள் மறக்கவில்லை. மறுநாளே உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. “அடையாள அட்டையைப் பையுக்க வைச்சிட்டியளோ?” என்று அக்கா அன்றிரவு மூன்று தடவை கேட்டார்.

காலையில் ஓட்டோவில் காலி வீதியால் கொள்ளுப்பிட்டிக்குச் சென்றோம். தூதரகத்தினுள் கைத்தொலைபேசி கொண்டு போகமுடியாது. துணைக்கு வருபவர்களும் வெளியேதான் நிற்க வேண்டும். இருவரின் கைத்தொலைபேசிகளையும் வாங்கிக்கொண்டு, நடந்து காலி முகத்திடலுக்குப் போனேன். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த உலாவிடம் அது. 2022இல் மாதக்கணக்கில் மக்கள் கூடாரமிட்டுப் போராடிய அதே புல்வெளியில் அன்று ஒரு சிறுவன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். ஒருபுறம் உயர்ந்த ஹோட்டல்கள். மறுபுறம் கடலை நிரப்பி எழும்பும் துறைமுக நகரம். என் மடியில் இரண்டு தொலைபேசிகளும் ஒரு பனையோலைப் பையும். இத்தனைக்கும் நடுவே எங்கள் ஐந்து மாத உழைப்பு ஒரு யன்னலின் முன் சில நிமிடங்களில் தீர்மானமாகிக்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்குத் திரும்பிப் போனபோது இருவரும் வாசலுக்கு அப்பால் நின்றிருந்தார்கள். தங்கச்சியின் கையில் கடவுச்சீட்டும் ஒரு தாளும் இருந்தன. அக்காவின் கையில் கடவுச்சீட்டு இல்லை. விசா ஒட்டுவதற்காக அதை வைத்துக்கொண்டார்கள் என்பது அதன் பொருள். ஒருவருக்குக் கிடைத்ததற்கு மகிழவும் மற்றவருக்காக வருந்தவும் ஒரே முகத்தால் எனக்கு முடியவில்லை.

அக்காவிடம் தமிழில் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்கிறீர்கள், ஒரு பெட்டிக்கு எத்தனை நாள், யார் செலவு செய்கிறார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள். “உங்கட மனுசன் எங்க எண்டு கேட்டவ. 2009இல இருந்து தேடுறன், அவர் வந்தா நான் வீட்டில இருக்க வேணும் எண்டு சொன்னன். பிறகு ஒண்டும் கேக்கேல்லை” என்றார். கோவையை அவர்கள் திறந்து பார்க்கவேயில்லை.

தங்கச்சியிடம், மாதம் எத்தனை பெட்டி செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். அவரோ மனப்பாடம் செய்திருந்த அறிமுகப் பந்தியைச் சொல்லியிருக்கிறார். மீண்டும் கேட்டபோது தடுமாறிவிட்டார். குழுவில் சேர்ந்து எட்டு மாதம்தான் என்பதும், வருமானம் சொற்பம் என்பதும் சேர்ந்துகொண்டன. 214(பி) என்று அச்சிட்ட தாளைக் கொடுத்துவிட்டார்கள். அந்த முடிவுக்கு மேன்முறையீடு இல்லை. ஆனால் நிலைமை மாறினால் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

திரும்பும் பேருந்தில் தங்கச்சி, “ஊரில என்ன சொல்லுறது மிஸ்?” என்று மட்டும் கேட்டார். எமது சமூகத்தில் விசா மறுக்கப்பட்ட பெண்ணை, பெண்பார்க்க வந்து வேண்டாமென்று போனவளைப் போல் பார்க்கிறார்கள். அந்தத் தாள் ஒருவருடைய குணத்துக்கு வழங்கும் சான்றிதழ் அல்ல. வழியெல்லாம் இதை நான் சொன்னேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் தன் சால்வையால் அவளைப் போர்த்திவிட்டார்.

அக்கா ஓகஸ்டில் போய், பன்னிரண்டாம் நாள் வந்து சேர்ந்தார். இருநூறு பெட்டிகளுக்கு ஓடர் கொண்டு வந்தார். சாயமிடும் பொறுப்பும் கணக்கு எழுதும் பொறுப்பும் தங்கச்சிக்குக் கொடுக்கப்பட்டன. கட்டணத்துக்கு எடுத்த கடன் இருவர் பெயரிலும் தீர்ந்தது. தங்கச்சியின் பெயரில் இப்போது வங்கிக் கணக்கும், ஒழுங்கான வரவும் உண்டு. அடுத்த அழைப்பு வந்தால் மீண்டும் விண்ணப்பிப்பதாகச் சொல்கிறார். இம்முறை எதையும் மனப்பாடம் செய்யப் போவதில்லையாம்.

இந்த வழியில் போகவிருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆவணங்களில் பெயரை இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். முகவரின் பொய்யை வாங்காதீர்கள். கேட்ட கேள்விக்கு, உங்களுக்கு வசதியான மொழியில், உள்ளதைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வெட்கப்படாதீர்கள்.