புழுக்கைத் தூறல்

மூடியைத் திருகியதும் அப்பத்தா வந்து நின்றுவிட்டாள். பூண்டும் புண்ணாக்கும் சேர்ந்து கமறுகிற வாசம். மார்கழிக் குளிரில் வேப்பெண்ணெய் பாதி உறைந்து சீசாவுக்குள் அசையாமல் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஆட்டுப்புண்ணுக்கு அது, மாட்டின் ஈக்கடிக்கு அது, என் தலைப்பேனுக்கும் அதுதான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆனி பிறந்தால் அப்பத்தா வாசல் வேம்படியில் குனிந்தே கிடப்பாள். பழம் பிதுக்கி, கொட்டையை நிழலில் காயவைத்து, செக்குக்குக் கொண்டு போவாள்.

தேக்குக்கும் அதுதான் என்று தெரியவந்த கதை ஒரு வைகாசியில் தொடங்கியது. கோடைமழை கண்டு வரப்புத் தேக்கெல்லாம் தளிர்த்திருந்தது. கொழுந்தைக் கசக்கி உள்ளங்கையைச் சிவக்க வைப்பது எனக்கு விளையாட்டு. அன்று சாயங்காலம் வானம் வெளுத்துக் கிடக்க, தோப்புக்குள் மட்டும் தூறல் சத்தம். சருகின் மேல் பொடுபொடுவென்று. கையை நீட்டினேன். ஈரமில்லை, கடுகு கடுகாய்ப் புழுக்கை. அண்ணாந்தால் நூல் விட்டு இறங்கிக்கொண்டிருந்தன புழுக்கள். ஒரு வாரத்தில் இலைகளில் நரம்புதான் மிச்சம்.

"உடு சாமி, துளுத்துக்கும்" என்றார் அப்பா. துளிர்க்கவும் செய்தது. ஆனால் கணக்கு வேறு. நிலம்பூரின் இளந்தேக்குத் தோட்டங்களில் பீச்சி வன ஆராய்ச்சி நிலையத்தார் பார்த்ததில், புழு தின்ன விட்ட மரங்கள் பருக்க வேண்டிய அளவில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. மரம் சாகாது, பருக்காது. அதனால்தான் யாரும் பதறுவதில்லை.

நான் பதறினேன். அடுத்த வருடம் நட்ட கன்றுகளுக்குப் புழு வந்ததும், யாரையும் கேட்காமல் தண்ணீரும் வேப்பெண்ணெயும் ஊற்றிய பம்பை உச்சி வெயிலில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதலில் வந்ததெல்லாம் வெறும் தண்ணீர், கடைசியில் வந்தது வெறும் எண்ணெய். மறுநாள் இலைகளில் இஸ்திரிப்பெட்டி வைத்த மாதிரி கருகல்.

அப்பத்தா திட்டவில்லை. "எண்ணெயும் தண்ணியும் பங்காளிக மாதிரி கண்ணு. நடுவுல சோப்பு வந்தாத்தான் சேரும். பொழுது எறங்கினப்பறம் அடிக்கோணும்" என்றாள். காதி சோப்பைச் சீவிக் கரைத்து எண்ணெயை ஊற்றி ஆற்றினாள், பால் மாதிரி வெளுத்தது. இப்போது லிட்டருக்கு 30 மில்லி என்கிறார்கள். அவளுக்குக் கண்தான் அளவு.

விடிந்ததும் பிணம் எண்ண ஓடினேன். ஒன்றுகூட இல்லை. அத்தனையும் உயிரோடு! அப்பா சிரித்தார். ஆனால் அவை தின்னவில்லை. நாலாம் நாள் குந்திப் பார்த்தேன். ஒரு புழு பழைய தோலைப் பாதி உரித்து, மேற்கொண்டு முடியாமல் அப்படியே கிடந்தது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் செய்கிற வேலை அது. வாயைக் கட்டும், தோல் உரிப்பதைக் குலைக்கும். வெயிலில் சீக்கிரம் சிதைந்தும் போகும். அந்த ஒரு மூலக்கூறைச் செயற்கையாகக் கட்டி முடிக்க கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் ஆயின, 2007 வரை. அப்பத்தாவுக்கு ஒரு ஆனி மாசம்.

வளர்ந்த தேக்குக்கு இது எட்டாது. நாற்றங்காலுக்கும் கன்றுக்கும்தான் எண்ணெய், உயர்ந்த மரத்தைக் குருவிகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கோவை வன மரபியல் நிறுவனத்தார் நீரடிமுத்து விதையிலிருந்து 'ஹை-ஆக்ட்' என்றொரு பூச்சிவிரட்டி செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குஷ்டத்துக்குப் பூசுகிற எண்ணெய் என்றுதான் நீரடிமுத்தை அப்பத்தா சொல்லியிருந்தாள்.

சீசாவைத் தேடி எடுத்தது தேக்குக்காக அல்ல. வாசல் வேம்பு நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருகிறது. தேயிலைக் கொசு என்கிற நாவாய்ப்பூச்சி உறிஞ்சிய இடத்தில் பூசணம் ஏறுகிறதாம், ஊரெங்கும் இதே கதை. கைக்கெட்டும் கிளைக்காவது அடிக்கலாம் என்று சோப்பைச் சீவி வைத்திருக்கிறேன். அந்த மரத்துக்கு அதன் எண்ணெயையே.

எண்ணெய் இன்னும் இளகவில்லை. சீசாவை வெயிலில் நகர்த்தி வைத்தேன்.