சொல்லும் மெய்யும்

நான் உயர்நிலைப்பள்ளியில் பயின்ற காலத்தில் மாணவர் விடுதியில் தங்கியிருந்தேன். என்னுடன் ஒரே அறையில் இருந்த நண்பன் ஒருநாள் மாலை சன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். "தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டாயா?" என்று கேட்டேன். "கட்டிவிட்டேன், ஊரிலிருந்து பணம் வந்துவிட்டது" என்றான். வாய் அவ்வாறு கூறியது. ஆனால், அவன் கண்கள் என்னை நோக்கவில்லை. விரல்கள் சட்டையின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. குரலும் இறுதியில் தேய்ந்தது. நானோ சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு பந்தாடச் சென்றுவிட்டேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது அவனும் இல்லை. அவன் பெட்டியும் இல்லை. பணம் வரவே இல்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அன்றுமுதல் பிறர் பேசுவதைக் காதோடு கண்ணாலும் கேட்கப் பழகினேன். "இவ்வளவு பெரிய மீன்!" என்பவனுடைய கைகள் விரியாவிட்டால் மீனின் அளவு நமக்கு விளங்குமா? "அங்கே" என்னும் சொல்லுக்குத் திசை காட்டுவது சுட்டுவிரலே. "நீ நல்லவன்தான்!" என்பது புகழ்ச்சியா, இகழ்ச்சியா என்பதைக் குரலும் புருவமும் தெளிவாக்கும். பேச்சும் உடலசைவும் உடன்பிறந்தவை. பிறவியிலேயே பார்வையற்ற சிறுவர்கள், கேட்பவரும் பார்வையற்றவர் என்று அறிந்தபோதும், கையசைத்தே பேசினர் என்பதை 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்து, அவற்றிற்கென ஓர் இயலையே அமைத்தார். 'குறிப்பறிதல்' என்னும் பெயரில் திருக்குறளில் அதிகாரங்கள் இரண்டு உள்ளன; ஒன்று பொருட்பாலிலும், மற்றொன்று காமத்துப்பாலிலும் அமைந்துள்ளன. அரசவைக்கும் அன்பு வாழ்வுக்கும் இவ்வறிவு ஒருங்கே வேண்டும் போலும்!

ஆயினும், மெய்க்குறிப்பு ஒன்றையே கொண்டு ஒருவரை அளந்துவிடலாகாது. ஒருவன் தலைகுனிந்து நிற்பது குற்றவுணர்வினாலும் ஆகலாம்; பெரியோரிடத்துக் கொண்ட மதிப்பினாலும் ஆகலாம். சொல்லும் மெய்யும் முரண்படும்போது முடிவு கட்டிவிடுதல் எளிது. அன்போடு மீண்டும் ஒருமுறை கேட்பதே தக்கது. "உண்மையாகவா?" என்று அன்று நான் கேட்டிருந்தால், விடுதி மாணவர் அனைவரும் சேர்ந்து அக்கட்டணத்தைக் கட்டியிருப்போம். அந்த ஒரு சொல்லை நான் கேட்கவில்லை.