வீட்டில் வைத்த பிள்ளைகள்

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் பள்ளிக்கூடம் செல்வதில்லை. இதைக் கேள்விப்படுவோரிடமிருந்து எனக்கு இருவகை மறுமொழிகள் கிடைப்பதுண்டு. "பிள்ளைகளின் எதிர்காலம் என்னாவது?" என்று வருந்துவோர் ஒருவகையினர். அந்த வருத்தத்தில் அன்பு இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லவும் இயலும். மற்றொரு வகையினர் பாராட்டுகிறவர்கள். "ஆண்பிள்ளை விஷயம் எப்படியோ, வயதுக்கு வந்த பெண்ணை வீட்டோடு வைத்துக்கொண்டீர்களே, அது நல்ல காரியம்!" என்பார்கள். வருத்தப்படுவோரின் சொல் என்னைத் தைப்பதில்லை. இந்தப் பாராட்டுத்தான் முள்ளாய்த் தைக்கிறது.

பெண்ணை வீட்டில் வைத்தல் வேறு. பிள்ளைக்கு வீட்டில் கற்பித்தல் வேறு. எங்கள் கடற்கரை ஊர்களில் இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் நடந்து வந்தமையால், ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது எளிதாகிவிட்டது. அந்தக் கூரையின்கீழ் வாழ்கிற ஒருத்தி என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விழைகின்றேன்.

நாங்கள் காயல்பட்டினத்தார். எங்களூரில் வீடு பெண்ணுக்குரியது. மணமானபின் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். ஆகவே நானும் என் மக்களும் என் உம்மாவின் வீட்டிலேயே வாழ்கிறோம். பிள்ளைகளின் வாப்பா சென்னையில் வணிகம் செய்கிறார். மாதத்தில் நான்கைந்து நாட்களே ஊரில் தங்குவார். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது மூத்தவள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். மகனை முதல் வகுப்பில் சேர்க்க இருந்தோம். சின்னவள் கைக்குழந்தை. 2021 நவம்பர் முதல் நாள் சிறுபிள்ளைகளுக்கும் பள்ளிகள் திறந்தன. அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வேரூன்றி விட்டிருந்தது. மூத்தவள் தானாகவே நூல்களைத் தேடி வாசித்தாள். மகன் நாள் முழுவதும் ஏதேனும் ஒன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். "இன்னும் ஓராண்டு இப்படியே பார்ப்போமே" என்றார் அவர். ஓராண்டு, ஆண்டுகள் சிலவாயிற்று. பெருங்கொள்கை எதையும் முன்வைத்து நாங்கள் இதனைத் தொடங்கினோம் என்று சொன்னால் அது பொய்யாகும்.

வீட்டில் கற்பிப்பதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாடத்தைப் பற்றியே எழுதுகின்றனர். பாடம் அவ்வளவு கடினமன்று. கடினமானது, உம்மாவும் ஆசிரியையும் ஒருத்தியே ஆகிவிடுவது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஆசிரியரிடம் ஏச்சு வாங்கினால் வீட்டுக்கு வந்து உம்மாவின் மடியில் அழுகிறது. வீடே பள்ளியாகிவிட்டால் அப்பிள்ளை எங்கே திரும்பும்? வகுத்தல் கணக்கில் மீதியை மறந்த மகனை நான் கடிந்துகொண்டால், அடுத்த நாழிகையில் அவனுக்குச் சோறு பரிமாறுவதும் நானேதான். கடிந்த முகத்தை மாற்றிக்கொள்ள எனக்கு அடுக்களைக்கும் தாழ்வாரத்துக்கும் இடைப்பட்ட பத்தடி தூரமே உண்டு.

இதற்காக நாங்கள் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டோம். சுபுஹு தொழுகைக்குப்பின் ஓதல். எட்டரை மணி தொடங்கி லுஹருக்குப் பாங்கு சொல்லும் வரையில் பாடம். பாங்கு கேட்டதும் ஏடுகள் மூடப்படும். அதன்பின் எவரும் பாடத்தைப் பற்றி என்னிடம் கேட்கலாம். நான் எவரிடமும் கேட்கமாட்டேன். இந்த ஒருவழி ஒப்பந்தம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அஸருக்குப்பின் மகன் கடற்கரைக்குப் பந்து விளையாடப் போவான். மூத்தவளுக்கு அந்நேரத்தில் போவதற்கு இடமில்லை. இதை அப்பொழுதே குறித்து வைக்கிறேன். பின்னால் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்டை வீட்டாருக்கு இந்த ஒழுங்கைப் புரியவைப்பது இன்னொரு பாடு. எங்கள் வீடுகளுக்கு இடையில் பெண்கள் போய்வரும் முடுக்குகள் உண்டு. அவ்வழியே பத்து மணிக்கு ஒரு சாச்சி வருவார்கள்: "புள்ளைகள் சும்மாதானே இருக்குதுகள், தம்பியைக் கொஞ்சம் கடைக்கு அனுப்பேன்." பள்ளிச் சீருடை இல்லாத பிள்ளை எவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்குச் சும்மா இருக்கும் பிள்ளைதான். நான் பலநாள் விளக்கிப் பார்த்தேன். பிறகு, கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கிவருவதும் கணக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

பாடம் எவ்வாறு நடக்கிறது என்று கேட்போருக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். டிசம்பர் 22ஆம் நாள் அளவில்தான் நம் பக்கத்தில் பகற்பொழுது மிகக் குறைவு என்று ஒருநாள் புவியியல் பாடத்தில் சொன்னேன். மகன் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தொழுகை நேர அட்டவணையைக் கொண்டுவந்தான். "உம்மா, பகல் குறைந்த நாளில் மஃரிபு முந்தி வரவேண்டும் அல்லவா? நவம்பர் நடுவிலேயே முந்தி வந்துவிடுகிறதே!" என்றான். பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. எங்களூரில் நவம்பர் நடுவில் ஞாயிறு ஏறத்தாழ 5 மணி 54 நிமிடத்துக்கு மறைகிறது. பகல் குறைந்ததாகச் சொல்லப்படும் டிசம்பர் 22இலோ 6 மணி 4 நிமிடம் ஆகிறது. பத்து நிமிடம் பிந்துகிறது! ஆண்டுதோறும் பார்த்துவந்த அட்டவணை. நான் ஒருநாளும் இதைக் கண்டதில்லை.

"எனக்குத் தெரியாது வாப்பா, தேடிப் பார்ப்போம்" என்றேன். பள்ளியில் ஓர் ஆசிரியைக்கு நாற்பது பிள்ளைகள். ஒரு பிள்ளையின் ஐயத்துக்காக மூன்று வாரங்களைச் செலவிட அவரால் இயலாது. எங்களால் இயன்றது. மகன் அட்டவணையின் எல்லா நிரல்களையும் ஒரு நோட்டில் எழுதினான். விடை லுஹர் நிரலில் ஒளிந்திருந்தது. ஞாயிறு உச்சியைத் தொடும் நேரமே ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. எங்களூரில் நவம்பர்த் தொடக்கத்தில் அது 12 மணி 1 நிமிடம். பிப்ரவரி நடுவிலோ 12 மணி 32 நிமிடம். பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதை சரியான வட்டமன்று. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. ஆகையால் ஞாயிற்றின் கடிகாரம் சிலகாலம் நம் கடிகாரத்துக்கு முந்தியும் சிலகாலம் பிந்தியும் ஓடுகிறது. நவம்பரிலிருந்து டிசம்பர் கடைசி வரை நண்பகல் நாளுக்கு நாள் பிந்திக்கொண்டே போகிறது. பகல் குறைகிற வேகத்தைவிட இந்தப் பிந்தல் மிகுதி. அதனால்தான் பகல் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே மஃரிபு பிந்தத் தொடங்கிவிடுகிறது. இதைப் படம் வரைந்து மகன் தன் உம்மம்மாவுக்கு விளக்கினான். உம்மா கேட்டுவிட்டு, "பாங்கு சொன்ன பின்னால்தான் நோன்பு திறப்பேன், உன் கணக்குக்கு இல்லை" என்றார்கள்.

இத்தகைய நாட்கள் வாரத்துக்கு ஒன்று வாய்த்தாலே பெரிது. மற்ற நாட்களில் சின்னவளின் அழுகை, கரிந்த குழம்பு, வாசலில் மீன்காரர், அரைகுறையாய் நின்ற இலக்கணம். இதனை எழுதாமல் விட்டால் வாசகர்கள் ஏமாந்துபோவீர்கள். ஒரு தாய் தனித்து இதனைச் செய்ய இயலாது என்பதும் என் முடிவு. பெரியும்மா ஓதிக்கொடுக்கிறார்கள். தெருக்கோடியில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இருநாள் மூத்தவளுக்கு அட்சரகணிதம் சொல்லித்தருகிறார். பிள்ளைகளின் வாப்பா ஊருக்கு வரும் நாட்களில் விருந்தாளியைப் போல இருந்துவிட்டுப் போகாமல், ஆங்கிலப் பாடத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வெளியூரில் பொருளீட்டும் நம் ஆடவர்கள், பணம் அனுப்புவதோடு தம் பங்கு தீர்ந்தது என்று கருதுவார்களாயின் இந்த முயற்சியில் இறங்காதிருப்பதே நலம்.

இனி என் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். 1968ஆம் ஆண்டின் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, அண்ணனுடைய புத்தகப்பை மட்டும் வாசலைத் தாண்டிற்று. அதன்பின் அவர்களுடைய உலகம் வீடும் முடுக்குமாகச் சுருங்கியது. ஆயினும் அவர்களைக் கல்லாதவர் என்று சொல்ல எனக்கு நாவெழாது. தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழைத் தம் உம்மாவிடம் கற்றார்கள். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்காக எழுத்துகளின்மேல் புள்ளிகள் சேர்த்து நம் முன்னோர் அமைத்த அந்த எழுத்துமுறையில், பழைய ஏடுகளை இன்றும் தங்குதடையின்றி வாசிக்கிறார்கள். என் பாட்டியாரோ வாசிக்க மட்டுமே அறிந்தவர்; எழுதக் கற்றுத்தரவில்லையாம். நம் வீடுகளில் கல்வி இருந்தது. அந்தக் கல்வியைக் கொண்டு வாசலுக்கு வெளியே ஓரடி எடுத்துவைக்க வழிதான் இல்லை.

என் வாப்பா மவுத்தானபோது உம்மாவுக்கு முப்பத்தைந்து வயது. தையல் கற்றுக்கொடுக்கும் வேலை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். அவர்களுடைய பூவேலையை அந்த ஊரில் அறியாதவர் இல்லை. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லாமற்போகவே திரும்பி வந்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் உம்மா ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "எனக்குத் தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரியும் என்று சொல்ல ஒரு தாள் இல்லை."

ஆகவே நான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தியபோது மிகவும் கலங்கியவர்கள் உம்மாவே. மகனைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்டதில்லை. மூத்தவளைப் பற்றியே கேட்டார்கள். "நீ நன்றாகத்தான் சொல்லித்தருகிறாய். என் உம்மாவும் எனக்கு நன்றாகத்தான் சொல்லித்தந்தார்கள்." இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. உறவினர் என்னைப் பாராட்டும்போது எனக்கு ஏன் முள் தைக்கிறது என்பதை உம்மாவின் இந்தச் சொல்லிலிருந்தே விளங்கிக்கொண்டேன்.

சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதனையும் அச்சட்டம் விதிக்கவில்லை. 4ஆம் பிரிவோ, பள்ளிக்கே செல்லாத பிள்ளை பிற்பாடு வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட வேண்டும் என்கிறது. எனக்குப் பெரும் ஆறுதல் அளித்தது அந்தப் பிரிவுதான். அப்புறம், 1989இல் மைய அரசு தொடங்கி 2002இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் எனப் பெயர்பெற்ற அமைப்பு இருக்கிறது. பதினான்கு வயது நிறைந்தவர்கள் அதில் பதிந்துகொண்டு பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதவேண்டும் என்பதில்லை, ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு.

மூத்தவளுக்குப் பதினான்கு நிறைந்ததும் பாடங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என நான்கு முடிவாயின. ஐந்தாவதாக மனையியலை எடுத்தால் எளிதாக இருக்கும் என்றேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த உம்மா நிமிர்ந்தார்கள். "சோறு வடிப்பதற்கும் பரீட்சையா? அதை நான் சொல்லித்தருகிறேன். நீ வேறு எழுது, உம்மா" என்று பேத்தியிடம் சொன்னார்கள். சமூக அறிவியல் என்று எழுதினோம்.

அன்றிரவு மூத்தவள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இந்தத் தேர்வில் தேறிவிட்டால் பதினொன்றாம் வகுப்புக்கு நான் பள்ளிக்கூடம் போகலாமா? ஆய்வுக்கூடம் இருக்கும். அப்புறம்... பேசுவதற்கு ஆட்கள் இருப்பார்கள்." அஸருக்குப்பின் போக இடமில்லாதவள் என்று முன்பு குறித்தேனே, அவள் கேட்டது அதைத்தான். ஆறாண்டுகள் என்னருகில் அமர்ந்து படித்த பிள்ளை. மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்தது. "போகலாம்" என்றேன். அவளுடைய வாப்பாவும் தொலைபேசியில் அதையே சொன்னார். "வீட்டோடு வைத்துக்கொண்டீர்களே" என்று என்னைப் பாராட்டிய மாமியிடம் மறுநாளே இதைச் சொன்னேன். அவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

பதிவு எண் தாங்கிய அட்டை வந்தபோது அதை முதலில் வாங்கிப் பார்த்தவர்கள் உம்மா. கண்ணாடியைத் துடைத்து, பெயரில் பிழையில்லை என்று இருமுறை வாசித்துவிட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்கள். தேர்வு மையம் வேறூரில் அமையக்கூடும், சின்னவளை விட்டுவிட்டு நான் எப்படி நாள்தோறும் கூடப்போவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ ஏன் போகவேண்டும்? நான் போகிறேன். ஐந்து நாளும் வாசலில் உட்கார்ந்திருப்பேன்" என்றார்கள் உம்மா.